படுகளத்துக்கு மிதிவண்டியில் போன நாள்

சென்ற வைகாசியில் ஒரு நாள், விடிவதற்கு வெகு முன்பே நானும் என் கணவரும் காஞ்சிபுரத்திலிருந்து ஆளுக்கொரு மிதிவண்டியில் கிளம்பி, செவிலிமேட்டுப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு சிற்றூருக்கு, பாரதக் கதையை ஆடும் தெருக்கூத்தின் இறுதிக் காட்சியான படுகளம் பார்க்கப் போனோம். அன்றிலிருந்து என் மனத்தில் உறுதிப்பட்டுவிட்ட ஒரு கருத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன். கூத்தை அதன் ஊருக்கே போய், அது நடக்கும் பொழுதிலேயே பார்க்க வேண்டும். நகரத்து அரங்குக்கு அதை ஒரு மணி நேரமாகச் சுருக்கி வரவழைத்துப் பார்த்துவிட்டு, கூத்துப் பார்த்துவிட்டோம் என்று நாம் நிறைவடைவது சரியில்லை.

நானும் அப்படி நிறைவடைந்திருந்தவள்தான். சென்னை அரங்கு ஒன்றில், கூத்துக்குப் பேர்போன புரிசை என்ற ஊரின் குழுவினர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கூத்தின் மீது பற்று வந்தது. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவும், 1990இல் கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபாலும் பிறரும் சேர்ந்து அமைத்த கட்டைக்கூத்துச் சங்கமும், 2002 முதல் காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு இக்கலையைக் கற்பித்த குருகுலமும் இல்லாமல் போயிருந்தால், என்னைப் போன்றவர்களுக்கு இதன் அருமை தெரியாமலே போயிருக்கும். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அரங்கில் நான் பார்த்தது ஆட்டத்தை மட்டுமே. ஆட்டத்தைச் சுற்றி ஓர் ஊரே இருக்கிறது என்பது அன்று காலையில்தான் எனக்குப் புரிந்தது.

பங்குனி தொடங்கி ஆடி வரை தொண்டை நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் காலம். பத்து நாளோ பதினெட்டு நாளோ அதற்கு மேலோ, பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்ல, இரவில் அதே கதை கூத்தாக விடிய விடிய நடக்கும். வில் வளைப்பு, சூதாட்டமும் துகிலுரிதலும் வரும் பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று கதை நகர்ந்து நகர்ந்து, துரியோதனன் வீழும் பதினெட்டாம் போருக்கு வந்து சேரும். அந்த இரவுக் கூத்து முடிந்த கையோடு, வேடம் கலைக்காத கூத்தர்கள் காலையில் நேராகத் திடலுக்கு வருவதுதான் படுகளம். பகல் வெளிச்சத்தில் நடப்பதால், ஒரு நாள் மட்டுமே ஒதுக்க முடிந்த எங்களுக்கு அது வாய்ப்பாக அமைந்தது.

மிதிவண்டியில் போவது என்று முடிவெடுத்தவர் என் கணவர். எனக்கு அந்தச் சாலையை நினைத்துத் தயக்கம் இருந்தது. செய்யாறு சிப்காட்டுக்குப் போகும் லாரிகளும் ஆலைப் பேருந்துகளும் ஓடும் சாலை அது. ஆனால் அந்த நேரத்தில் சாலை அமைதியாகவே இருந்தது. வறண்டு கிடந்த பாலாற்று மணலின் மேல் குளிர்ந்த காற்று வீசியது. மாமண்டூரில் ஏரிக்கரையை ஒட்டிய குன்றின் அடியில் வண்டிகளை நிறுத்தித் தண்ணீர் குடித்தோம். அந்தக் குன்றிலுள்ள பல்லவர் குகையின் கல்வெட்டில் மகேந்திரவர்மனின் மத்தவிலாசப் பிரகசனத்தைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. காஞ்சி நகரையே களமாகக் கொண்டு ஏழாம் நூற்றாண்டில் அரசன் ஒருவன் எழுதிய நாடகம் அது. அவன் எழுதியது வடமொழியில், அரசவைக்குப் பழகிய மரபில். நாங்கள் பார்க்கப் போனதோ உழவர்களும் நெசவாளர்களும் தங்கள் கைக்காசைப் போட்டு நடத்துவது. இரண்டும் இந்த ஒரே சாலையின் ஓரத்தில் இருப்பதை, மோட்டார் வண்டியில் விரைந்து போயிருந்தால் நான் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

ஊரை அடைந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. திடலில் துரியோதனன் மல்லாந்து கிடந்தான். முந்தைய நாளே மண்ணைக் குவித்து, களிமண் பூசி, முறுக்கிய மீசையும் விழித்த கண்ணும் கிரீடமும் வண்ணத்தில் தீட்டிய அந்த உருவம் தலையிலிருந்து கால்வரை நாற்பது அடிக்குக் குறையாது. சற்று நேரத்தில் முகவீணை என்னும் சிறு ஊதுகுழலும் மிருதங்கமும் முன்னே வர, கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் அணிந்து, இரவெல்லாம் ஆடிய களைப்பு அரிதாரத்தின் வழியே தெரிய, பீமனும் துரியோதனனும் வந்தார்கள். துரியோதன வேடக்காரர் மண் உருவத்தின் மார்பின் மேல் ஏறி நின்று பாடினார். கீழே பீமன் சுற்றிச் சுற்றி வந்தான். கண்ணன் தொடையைத் தட்டிக் காட்டியதும் கதாயுதம் இறங்கியது. களிமண் தொடைக்குள் புதைத்து வைத்திருந்த பானை உடைந்து செந்நீர் வழிந்தது. பகடை துகில் அன்று அவிழ்த்த கூந்தலைத் திரௌபதி அந்தச் செந்நீரைத் தொட்டு முடித்துப் பூச்சூடியபோது, என்னைச் சுற்றியிருந்த பெண்கள் கைகூப்பி அழுதார்கள். நானும் அழுதேன். அந்தத் திரௌபதி ஓர் ஆண் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அது யாருக்கும் தடையாக இருக்கவில்லை.

அரங்கில் கிடைக்காதது எது என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் சொல்வேன். கூந்தல் அவிழ்ந்த இரவில் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள்தாம் அது முடியப்படும் காலையிலும் உட்கார்ந்திருந்தார்கள். இடைப்பட்ட நாட்களில் அவர்கள் வயலுக்கும் தறிக்கும் போய்வந்து, இரவில் மீண்டும் பாயோடு வந்து அமர்ந்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு இல்லாமல் கூந்தல் முடிப்பை மட்டும் தனியே எடுத்து மேடையில் காட்டினால், அது அழகான ஒரு காட்சியாக நின்றுவிடுகிறது. கடைசி நாள் மட்டும் போன எங்களுக்கும் அதில் பாதிதான் கிடைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு பகடை துகில் இரவுக்கும் போவதென்று இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம்.

இன்னொன்றும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பாரதத்தின் நாட்களைக் குறைத்து, மிச்சமாகும் பணத்தில் திரைப்பாட்டுக் கச்சேரி வைக்கும் வழக்கம் சில ஊர்களில் வந்துவிட்டது. ஒரு குழுவில் பதினைந்து பேர் இருந்தால், ஓர் இரவுக்குக் கிடைக்கும் தொகை பதினைந்தாகப் பிரிய வேண்டும். ஓர் இரவு குறைந்தாலும் அது பதினைந்து வீடுகளின் அடுப்பைத் தொடும். நகரத்திலிருந்து இருபது பேர் போய்த் தரையில் உட்கார்ந்து, தட்டில் தங்களால் ஆனதைப் போட்டுவிட்டு வந்தாலே, கூத்தை இன்னும் மதித்து வருகிறார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் நினைப்பார்கள் என்று நம்புகிறேன்.

வேலியோரம் சாய்த்து வைத்திருந்த எங்கள் வண்டிகளைப் பார்த்துவிட்டு ஒரு மூதாட்டி, "எந்த ஊரும்மா? காஞ்சிபுரத்துலேருந்து சைக்கிள்லயா வந்தீங்க?" என்று கேட்டு, என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கூழ் வாங்கிக் கொடுத்தார். கூத்தர்கள் இறங்கியதும் ஊரார் துரியோதனன் மேல் பாய்ந்து களிமண்ணைக் கை கையாக அள்ளினார்கள். வயலில் தூவவும் நெல் குதிரில் போடவும் எடுத்துப் போகிறார்கள். எங்களுக்கு நிலம் இல்லையே என்று நான் ஒதுங்கி நிற்க, அவரே ஒரு கட்டியை எடுத்து என் முந்தானையில் போட்டு, "எடுத்துக்கினு போம்மா, அரிசியில போட்டு வை" என்றார்.

தீமிதி மாலையில். இருட்டில் அந்தச் சாலையில் திரும்ப எனக்குத் துணிவில்லாததால், விறகு அடுக்கித் தீ மூட்டும் வரை இருந்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். திரும்பும்போது எதிர்க்காற்று; வழி நெடுகப் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் கணவர் மண்கட்டியை ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து அரிசிப் பாத்திரத்துக்குள் வைத்தார். இன்று காலை உலைக்கு அரிசி எடுத்தபோதும் அது கையில் தட்டுப்பட்டது.