ஸ்டிக்கர்களைத் தாறுமாறாக ஒட்டுங்கள்

கையில் பிடிக்கும் லேசர் ஸ்கேனரைப் பொருளின் மேல் ஓட்டினாலே முப்பரிமாண வடிவம் கிடைத்துவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பாதி வேலை அதற்கு முன்னாலேயே இருக்கிறது. பொருளின் மேல் விழும் லேசர் கோடு வளைவதைக் கேமரா வேறொரு கோணத்திலிருந்து பார்க்கிறது. அந்த முக்கோணக் கணக்கில்தான் ஆழம் தெரிகிறது. பளபளக்கும் குரோம் குழாயில் ஒளி கண்டபடி தெறித்து, பொருளில் இல்லாத முட்களெல்லாம் திரையில் முளைக்கும். மெல்லிய வெள்ளைப் பூச்சு தெளித்தால் சரியாகும். பழைய சிலை, ஓவியம் என்றால் மட்டும் தயவுசெய்து தெளிக்காதீர்கள்.

அப்புறம், ஸ்கேன் செய்யும் முன் பொருளின் மேல் ஒட்டும் சின்ன வட்ட ஸ்டிக்கர்கள். பல ஸ்கேனர்கள் தாம் எங்கே இருக்கிறோம் என்பதையே அவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்கின்றன. சம இடைவெளியில் ஒட்டினால் ஒரு இடத்தை இன்னொன்றாக எடுத்துக்கொள்ளும். ஒரு பம்பு உறையில் கட்டம் கட்டமாக ஒட்டி ஸ்கேன் செய்தேன். ஒரு பாதியின் மேல் மறுபாதி ஏறி உட்கார்ந்திருந்தது. பிய்த்து, இடைவெளியை மாற்றி மாற்றி ஒட்டியதும் ஒரே ஓட்டத்தில் வந்துவிட்டது.

போனில் வரும் லைடார் வேறு வகை. ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறது. அறையை அளக்க நல்லது, பல்சக்கரத்தின் பல்லுக்கு ஆகாது.