கையால் பழக வேண்டியதைக் கையால்தான் பழக வேண்டும்

வியாழக்கிழமை இரவு எங்கள் வேலைத்தள வட்ஸ்அப் குழுவில் வந்த பட்டியலைப் பற்றி இங்கே பலருக்குத் தெரியும். "அக்கறையில்லாத ஊழியர்கள்" என்று தலைப்புப் போட்டு 14 பெயர்கள். முதலுதவிப் பயிற்சியை ஒன்லைனில் முடிக்காதது எங்கள் குற்றம். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கையால் செய்ய வேண்டியதைக் கையால்தான் பழக வேண்டும். மூச்சு நின்றவரின் நெஞ்சை 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். வீடியோவிலும் இதைச் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று கைக்கு யார் சொல்வது? முன்பு நேரடி வகுப்பில், நெஞ்சை அழுத்திப் பழகுவதற்கான ஆளுருவப் பொம்மையை எல்லோரும் பயந்து பயந்துதான் அழுத்தினோம். "இன்னும் அமத்துங்கோ தங்கச்சி" என்று பயிற்றுநர் பக்கத்தில் நின்று சத்தம் போட்ட பிறகுதான் அளவு பிடிபட்டது. இரண்டு நிமிடத்தில் தோள் சோர்ந்துவிடும், ஆள் மாற வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. இப்போது 40 நிமிட வீடியோ, 10 கேள்வி, 7 சரியென்றால் சான்றிதழ். அதில் வரும் தமிழோ, "மார்பைச் சுருக்கவும்" என்கிறது. அதைப் படித்து ஒருவர் என்ன செய்வார்?

முரசுமோட்டை வயலில் பெரியப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்த அன்று, நின்றவர்கள் முழங்காலுக்கு மேலே கயிறு கட்ட ஓடிவந்தார்கள். நான் விடவில்லை. ஏனென்றால் வகுப்பில் அதே பிழையை நானும் செய்தேன். சால்வையால் இறுக்கிக் கட்டினேன். பயிற்றுநர் அதே சால்வையை என் காலில் கட்டி, கால் விறைக்கத் தொடங்கும் வரை இருத்தி வைத்துவிட்டுத்தான் அவிழ்த்தார். அது மறக்குமா? கட்டவும் இல்லை, கீறவும் இல்லை. காலை அசையவிடாமல் தடி வைத்து, அவரை நடக்கவிடாமல் தூக்கி, நேரே கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெரியப்பா இன்றும் வயலுக்குப் போகிறார்.

"நீ பழசைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்" என்று சிலர் சொல்வீர்கள். இல்லை. எக்செல் முழுவதும் யூடியூப்பில்தான் படித்தேன். 2020இல் ஊரடங்குக் காலத்தில் வேறு வழியும் இருக்கவில்லை. ஒரு விரிவுரை கேட்பதற்காக 300 கிலோமீற்றருக்கு மேல் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்வந்த காலம் திரும்பவும் வேண்டாம். சட்டதிட்டம், படிவம், கணக்கு எல்லாம் போனிலேயே வரட்டும், நல்லது. நெஞ்சை அழுத்துவதும் தீயணைப்பானின் ஊசியை இழுப்பதும் அப்படி வராது.

நேரடி வகுப்பு வைக்கக் காசு இல்லையாம். சரி, ஒரே ஒரு பொம்மையை மாதம் ஒரு சனிக்கிழமை கொண்டுவாருங்கள். நாங்கள் லீவு நாளிலும் வருகிறோம்.

மல்லாவிப் பக்கத்தில் இருந்து வேலைக்கு வரும், எங்களோடு வேலை செய்யும் அக்கா, வீட்டில் சிக்னல் இல்லாததால் வேலை முடிந்து போய் இருட்டில் குளக்கட்டில் ஏறி நின்று அந்த வீடியோவைப் பார்த்தார். யானை வரும் பாதை அது. மூன்று இரவு போனார். மூன்றாம் இரவு டேட்டா முடிந்து, கேள்விப் பக்கம் திறக்கவே இல்லை. வேலைக்கு ஒருநாளும் பிந்தி வராத மனுசி. அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பட்டியலை என்னிடம் காட்டி, "எனக்கா அக்கறையில்லை?" என்று கேட்டார். சோற்றுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

அந்தப் பட்டியலில் 9ஆவது பெயர் என்னுடையது. அது இருக்கட்டும். அக்காவின் பெயரை எடுங்கள். எடுத்துவிட்டு, அதே குழுவில் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள்.