"மூடுலே"

எட்டு வருஷத்துக்கு முன்னால சித்தப்பா வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டினப்போ ஜேசிபி வாளி எதுலயோ முட்டி நின்னுச்சு. ஓட்டுற பையன் இறங்கிப் பார்த்துட்டு, "அண்ணாச்சி, பெரிய பானையா இருக்கு, வாய் மட்டும் ஒரு முழம் வரும்"னான். அந்தக் காலத்துல செத்தவங்களை வச்சுப் புதைச்ச முதுமக்கள் தாழியை, தாமிரபரணிக் கரையில பிறந்தவங்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாம நின்னார். அப்புறம், "மூடுலே"ன்னார். பையன் கையில இருநூறு ரூபாய். வானம் நாலடி தள்ளிப் போயிருச்சு.

(ஊர் பேரைக் கேட்காதீங்க. சொன்னா பொங்கலுக்கு நான் அந்தப் பக்கம் போக முடியாது.)

அன்னைக்குப் பெரிய சண்டை போட்டேன். இன்னைக்கு அவர் மேல எனக்குக் கோவம் இல்ல.

தாழி கிடைச்சதைச் சொன்னா நிலம் வருஷக்கணக்கா முடங்கிரும்னு அவருக்குப் பயம். திருச்செந்தூர் பஸ்ல போறப்போ பார்த்த ஆதிச்சநல்லூர் பறம்பைத்தான், அந்தப் பழைய தாழிக்காட்டு மேட்டைத்தான், அவரும் மனசுல வச்சிருந்தார். 1876ல யாகோர்னு ஒரு ஜெர்மன்காரர் தோண்டி, கிடைச்சதை பெர்லினுக்குக் கொண்டு போனார். 1899ல இருந்து 1905 வரை வெள்ளைக்காரத் தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரியா தோண்டினார். அதுக்கப்புறம் நூறு வருஷம் கழிச்சு 2004-05ல மத்தியத் தொல்லியல் துறை வந்து நூத்தி அறுபதுக்கும் மேல தாழிகளை எடுத்தது. அதெல்லாம் எந்தக் காலத்ததுங்கிற முடிவு வெளியே தெரிய 2019 ஆயிருச்சு. இதுக்கு நடுவுல ஒருத்தன் வீட்டுக் கடன் வாங்கி, கட்டி, பிள்ளையையே கல்யாணம் பண்ணிக் கொடுத்திருப்பான்.

"ஆறு மாசம்னா காத்துக் கெடப்பேன்டே. பதினஞ்சு வருசம்னா நானே உள்ள போயிருவேன்லா, தாழிக்குள்ள"ன்னு சித்தப்பா சொல்லிச் சிரிச்சார். எனக்குப் பதில் வரல.

ஆனா மூடுறதுல போறது பானை மட்டும் இல்ல. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில ஒரு தாழிக்குள்ள கிடந்த நெல்லை வச்சுத்தான் கி.மு. 1155ன்னு காலம் சொன்னாங்க. பொன்னு இல்ல, பட்டயம் இல்ல, ஒரு பிடி நெல்லும் மண்ணும். ஜேசிபி வாளி பட்டா முதல்ல சிதறுறது அதுதான். உடைஞ்ச பானையை எப்படியாவது ஒட்டிரலாம். திருநெல்வேலி ரெட்டியார்பட்டியில பொருநை அருங்காட்சியகம் எழும்பினதுல எனக்கும் பெருமைதான். அங்க வைக்க வேண்டியதை இங்க லாரியில கிராவலா அடிச்சுக்கிட்டு இருக்கோம்ங்கிறதுதான் உறுத்துது.

சட்டம் இல்லையான்னா, இருக்கு. மத்திய அரசு பாதுகாக்கிற சின்னத்தைச் சுத்தி 100 மீட்டர் கட்டடம் கூடாது, அதைத் தாண்டி 200 மீட்டருக்கு அனுமதி வேணும். அதெல்லாம் ஏற்கெனவே வேலி போட்ட இடத்துக்கு. வேலியே இல்லாத மேட்டுக்கு? 1878ல வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ள பத்து ரூபாய்க்கு மேல பெறுமானமுள்ளது கிடைச்சா கலெக்டருக்குச் சொல்லணும். சொன்னவன் நிலம் என்னாகும்ங்கிற பயத்துக்கு அதுல மருந்து இல்ல.

என் யோசனை ரொம்பச் சின்னது. பெரிய லே-அவுட் போட்டா பத்துல ஒரு பங்கைப் பொது இடமா விட்டே ஆகணும்னு ஏற்கெனவே விதி இருக்கு. அப்ரூவலுக்கு முன்னாடி, மூணு மாசக் கெடு வச்சு, தொல்லியல் ஆள் ஒருத்தர் நிலத்தை நடந்து பார்க்கட்டும். தாழி இருக்கிற மூலையையே அந்தப் பத்துல ஒண்ணா ஒதுக்கச் சொல்லட்டும். மேல வேப்பமரமும் சிமெண்ட் பெஞ்சும் இருந்துட்டுப் போகட்டும், நிலக்காரனுக்கு ஒரு சென்ட் நட்டமில்ல. கெடுவுக்குள்ள ஆள் வரலைன்னா அனுமதி தானா கிடைச்சிரணும். இந்தக் கடைசி வரிக்கு ஆராய்ச்சி நண்பர்கள் என்னைத் திட்டுவாங்க. திட்டட்டும். கெடு இல்லாத விதிக்குப் பயந்துதான் எங்க பக்கம் ராத்திரியில வானம் தோண்டுறாங்க.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா வீட்டுக்கு அடுத்த மேட்டுல ஏழு ஏக்கருக்கு வெள்ளைக் கல் நட்டு, கலர் கொடி கட்டியிருக்காங்க. மழை பெஞ்சா அங்கன கறுப்பும் சிவப்புமா பானை ஓடு தெரியும்னு ஆடு மேய்க்கிற ஆச்சி சொன்னா. பிளாட் வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். பூங்காவுக்கு விட்டிருக்கிறது மேட்டுல இல்ல, ஓடையோரம், தண்ணி தேங்குற பள்ளத்துல.