பாடத்தோடு ஆய்வுகூடமும் வேண்டும்

பல்கலைக்கழகங்கள் தொழில்முனைவோரை உருவாக்க வேண்டும் என்ற கட்டுரையாளரின் கருத்து மிகச் சரி. ஆனால் அதை இன்னொரு பாடமாக்கிப் பரீட்சை வைத்தால் போதாது. இங்கே கொழும்பு வெள்ளவத்தையில் சில கடைகளில் யாழ்ப்பாணத்து ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கை அரைத்த மா) இன்றும் வெறும் பொலித்தீன் பையில்தான் வருகிறது. காலாவதித் திகதி இல்லை, செய்தவர் பெயர் இல்லை. தரத்தில் ஒரு குறையும் இல்லை. இருந்தும் சுப்பர் மார்க்கெட்டில் அதற்கு இடம் கிடைக்குமா? கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. இந்த மாவின் ஈரப்பதம் சோதிப்பது, பொதி செய்வது, அடக்கவிலை பார்ப்பது எல்லாம் இறுதியாண்டு ஆய்வாகலாமே! மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவருக்குக் கொழும்பு நிறுவனங்கள் கூப்பிடு தூரத்தில். கிளிநொச்சி இருக்கும் வன்னியில் அந்த வசதி ஏது? பனம்பொருள் செய்யும் பெண்களுக்கு வாரத்தில் ஒரு நாளாவது அந்த ஆய்வுகூடங்களைத் திறந்துவிடுங்கள்.