பந்துக்காரன்

எங்கள் தெருவில் பந்து யாருடையதோ அவன் சொல்வதுதான் சட்டம். அவன் கோல் என்றால் கோல். கோபம் வந்துவிட்டால் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். கால்பந்தின் கதையைப் படிக்கும்போதெல்லாம் இங்கிலாந்து எனக்கு அந்தப் பையனாகத்தான் தெரிகிறது.

"கால்பந்தே இங்கிலாந்துக்காரன் கண்டுபிடித்ததுதானே" என்று உலகக் கோப்பை வந்தால் யாராவது எழுதிவிடுவார்கள். சரி, விதிகளை எழுதியது அவர்கள்தான். 1863 அக்டோபர் 26, லண்டனில் ஒரு மதுவிடுதியில் கூடிச் சங்கம் தொடங்கி, சில வாரங்களில் 13 விதிகள் போட்டார்கள். அவற்றைப் படித்தால் சிரிப்பு வரும். பந்தைக் கையால் பிடிக்கலாம். கோலுக்கு மேல்கம்பி கிடையாது. இரண்டு கம்பத்துக்கு நடுவே வானத்தில் போனாலும் கோல். முன்னால் நிற்பவனுக்குப் பந்தைத் தட்டிவிடக் கூடாது. எதிராளியின் காலை உதைப்பதற்குத் தடை என்றதும் பிளாக்ஹீத் கிளப் கோபித்துக்கொண்டு வெளியேறியது. உதை இல்லாவிட்டால் ஆட்டத்தில் துணிச்சலே இருக்காது, ஒரு வாரம் பழகிய பிரெஞ்சுக்காரர்கள்கூட உங்களைத் தோற்கடித்துவிடுவார்கள் என்பது அவர்கள் தரப்பு வாதம். பிரெஞ்சுக்காரர்களை நினைவில் வையுங்கள்.

இன்று நாம் ரசிக்கிற பாஸ் ஆட்டத்தை வளர்த்ததில் பெரும்பங்கு ஸ்காட்லாந்துக்காரர்களுடையது. 1872-ல் கிளாஸ்கோவில் நடந்த முதல் சர்வதேசப் போட்டியில், தனியாகப் பந்தை உருட்டிக்கொண்டு ஓடிய இங்கிலாந்துக்காரர்களை அவர்கள் கைமாற்றிக் கைமாற்றி, இல்லை, கால்மாற்றிக் கால்மாற்றிச் சமாளித்தார்கள். 0-0.

அப்புறம் கால்பந்து கப்பல் ஏறியது. ஆள வந்த துரைமார் கிரிக்கெட்டை விட்டுப்போனார்கள். பிழைக்க வந்த வாத்தியாரும் குமாஸ்தாவும் ரயில்வேக்காரரும் கால்பந்தை விட்டுப்போனார்கள் என்பது என் கணக்கு. (துரைமார் ஆண்டும் கால்பந்தைப் பிடித்துக்கொண்ட கல்கத்தாக்காரர்களும் கானாக்காரர்களும் சண்டைக்கு வருவார்கள், தெரியும்.) அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸில் ஹட்டன் என்ற ஸ்காட்லாந்து வாத்தியார். பிரேசிலின் சாவோ பாவ்லோவில் சார்லஸ் மில்லர். 1894-ல் இங்கிலாந்தில் படிப்பு முடித்துத் திரும்பியவரின் பெட்டியில் இரண்டு பந்துகள். இத்தாலியர்கள் தங்கள் ஊரை மிலானோ என்பார்கள், ஆனால் கிளப் பெயர் மட்டும் மிலான். 1899-ல் அதைத் தொடங்கியது ஆங்கிலேயர்கள், அதனால்தான்.

1904-ல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா பிறந்தது பாரிஸில். ஆம், அதே பிரெஞ்சுக்காரர்கள். தொடங்கிய ஏழு நாடுகளில் இங்கிலாந்து இல்லை. அடுத்த வருடம் சேர்ந்தது, 1920-ல் விலகியது, மறுபடி சேர்ந்து 1928-ல் மறுபடி விலகியது. முதல் மூன்று உலகக் கோப்பைகளுக்கும் வரவில்லை. கடைசியில் 1950-ல் வந்து, அமெரிக்காவிடம் 1-0 என்று தோற்றது. கோல் போட்டவர் ஹைட்டியில் பிறந்த ஜோ கேட்ஜென்ஸ்.

அதற்குள் பந்து கைமாறிவிட்டது. 1930 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் யார் பந்தில் ஆடுவது என்றே தகராறு. முதல் பாதி அர்ஜென்டினாவின் பந்து. அவர்கள் 2-1 முன்னிலை. இரண்டாம் பாதி உருகுவேயின் பந்து; முடிவில் உருகுவே 4-2. அச்சு அசல் எங்கள் தெரு.

ஆனால் ஃபிஃபாவும் பின்னாளில் பந்துக்காரனாக மாறியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 1966 உலகக் கோப்பைக்கு ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம். கானாவின் அதிபர் இன்க்ரூமா முன்னின்று குரல் கொடுக்க, ஆப்பிரிக்க அணிகள் விலகிக்கொண்டன. அந்தக் கோப்பை நடந்தது இங்கிலாந்தில், வென்றதும் இங்கிலாந்து. 1970-ல் ஆப்பிரிக்காவுக்கென்று ஓர் இடம் கொடுத்தார்கள். மொராக்கோ வந்தது.