பழைய பைப்லைன் ரன்கள் தானாக அழியாது

“குபெர்னட்டீஸே முடிந்த ரன்களை அழித்துவிடும், நாம் எதுவும் செய்ய வேண்டாம்” என்று சிலர் நினைப்பது, குபெர்னட்டீஸின் (கன்டெய்னர்களை இயக்கி நிர்வகிக்கும் அமைப்பு) மேல் பில்ட், ரிலீஸ் வேலைகளை ஓட்டும் டெக்டானுக்குப் பொருந்தாது. முடிந்ததும் காலக்கெடு வைத்து அழிக்கும் டிடிஎல் வசதி குபெர்னட்டீஸின் சொந்த ‘ஜாப்’ வகைக்கு (ஓடி முடிந்துவிடும் வேலை) மட்டுமே உரியது. பைப்லைன் (வரிசையாக ஓடும் வேலைகள்) ஒருமுறை ஓடுவதன் பதிவான பைப்லைன்ரன் ஒரு கஸ்டம் ரிசோர்ஸ், அதாவது டெக்டான் கூடுதலாகச் சேர்த்த வகை. அந்த வசதி அதைத் தொடாது. இன்னொன்று, முடிந்த பாட்களை (வேலை உண்மையில் ஓடும் கன்டெய்னர் தொகுப்புகளை) கழிக்கும் கார்பேஜ் கலெக்டர். அதன் இயல்பு வரம்பு 12,500 பாட்கள். அதைத் தாண்டினாலும் போவது பாட் மட்டும்தான். பைப்லைன்ரன் பதிவு குபெர்னட்டீஸின் தரவுத்தளமான எட்சிடியில் அப்படியே கிடக்கும், பாட்டோடு சேர்ந்து லாக்தான் காணாமல் போகும். இரண்டு பக்கமும் நஷ்டம்!

டெக்டானை நிறுவி நிர்வகிக்கும் டெக்டான் ஆபரேட்டர் போட்டிருந்தால், அதன் அமைப்புப் பதிவான டெக்டான்கான்ஃபிகில் பழைய ரன்களை அழிக்கும் ‘ப்ரூனர்’ பகுதியைப் பாருங்கள். ‘கீப்’ எத்தனை ரன்களை வைத்திருப்பது என்று சொல்லும். ‘கீப்-சின்ஸ்’ எத்தனை நிமிடங்களுக்குள் உள்ளவற்றை வைத்திருப்பது என்று சொல்லும். பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: ‘கீப்’ எண்ணிக்கை இயல்பாக நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் பிரித்து வைத்த ஒரு பகுதி) முழுவதற்கும் சேர்த்துத்தான். ஓயாமல் ஓடும் ஒரு பைப்லைன், எப்போதாவது ஓடும் ரிலீஸ் பைப்லைனின் வரலாற்றையே வெளியே தள்ளிவிடும். ‘ப்ரூன்-பெர்-ரிசோர்ஸ்’ஸை ட்ரூ ஆக்கினால் பைப்லைன் வாரியாக எண்ணும். என்னைக் கேட்டால் அதை முதலிலேயே போட்டுவிடலாம்.

பைப்லைன்ரன்னை அழித்தால் அதன் டாஸ்க்ரன்களும் (அதிலுள்ள ஒவ்வொரு வேலையின் ஓட்டப் பதிவு) பாட்களும் கூடவே போய்விடும். லாக் வேண்டுமென்றால் அதற்கு முன்பே வெளியே சேமிக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.