மீன் படச் சோதனை பிறவிக் குணத்தை நிரூபிக்கவில்லை

“கிழக்காசியர் முழுமையாகவும் (சூழலோடு சேர்த்தும்) மேலை நாட்டினர் பகுத்தும் (பொருளைத் தனியே பிரித்தும்) சிந்திப்பது பிறவியிலேயே மூளையில் அமைந்தது, மீன் படச் சோதனை இதை நிரூபித்துவிட்டது” என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. உளவியலாளர்கள் மசுதாவும் நிஸ்பெட்டும் 2001இல் வெளியிட்ட அந்த ஆய்வில், நீரடிக் காட்சியைப் பார்த்த ஜப்பானிய, அமெரிக்க மாணவர்கள் முதன்மை மீன்களை ஏறத்தாழ ஒரே அளவில்தான் குறிப்பிட்டனர்; பின்புலத்தைப் பற்றி ஜப்பானியர் கூடுதலாகப் பேசினர் என்பதே வேறுபாடு. அதுவும் சராசரிக் கணக்குதான். மூளையை அங்கே யாரும் அளக்கவில்லை. மேலும், உளவியலாளர் டால்ஹெல்ம் குழுவினர் 2014இல் ‘சயின்ஸ்’ அறிவியல் இதழில் எழுதிய கட்டுரையின்படி, ஒரே ஹான் இனத்துச் சீன மாணவர்களுக்குள்ளேயே, நெல் விளையும் பகுதியினர் கோதுமை விளையும் பகுதியினரைவிடப் பொருள்களுக்கிடையிலான தொடர்பை அதிகம் கவனித்தனர்; ஒரே இனத்துக்குள்ளேயே இப்படி வேறுபாடு இருப்பது, இது பிறவிக் குணம் என்ற வாதத்துக்குப் பொருந்தவில்லை. (இந்த வேறுபாட்டுக்கு நெல் சாகுபடிதான் காரணமா என்பது இன்னும் விவாதத்துக்குரியது.) இரு கட்டுரைகளின் சுருக்கங்களும் இணையத்தில் கிடைக்கின்றன, அவற்றைப் பார்த்து, அச்செய்தியை மேலும் அனுப்பாதிருக்க வேண்டுகிறோம்.